ஸ்டோரேஜ் ஆர்க்கிடெக்ட் ஆக ஆசையா? முதலில் ஒரு பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பாருங்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். சர்வர்களுக்கு லன் (ஸ்டோரேஜிலிருந்து பிரித்துக் கொடுக்கும் இடம்) ஒதுக்குவது, டிஸ்க் போனால் மாற்றுவது, தினமும் பேக்கப் ரிப்போர்ட் பார்ப்பது என்று என் வேலையில் பாதி ஸ்டோரேஜ்தான். டேட்டா ஸ்டோரேஜ் ஆர்க்கிடெக்ட் ஆக விரும்புகிறேன். எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது? எல்லாமே கிளவுடுக்குப் போகிற நேரத்தில் இந்தப் பக்கம் வருவது சரியா?

பதில்: சான்றிதழைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்த வேலைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

ஒருவர் வந்து “10 டிபி வேண்டும்” என்கிறார். அட்மின் இடம் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கிக் கொடுப்பார். ஆர்க்கிடெக்ட் எதிர்க்கேள்வி கேட்பார். அது என்ன தரவு? படிப்பது அதிகமா, எழுதுவது அதிகமா? கடைசி ஒரு மணி நேரத் தரவு தொலைந்துபோனால் தாங்குமா? சிஸ்டம் படுத்துவிட்டால் எத்தனை மணி நேரம் சமாளிப்பீர்கள்? எவ்வளவு தரவை இழக்கலாம் என்பதை ஆர்பிஓ என்றும், எவ்வளவு நேரத்தில் மீண்டு வர வேண்டும் என்பதை ஆர்டிஓ என்றும் சொல்வோம். கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “எதுவும் தொலையக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும்.” அதற்கு ஆகும் செலவையும், ஒரு மணி நேர இழப்பைப் பொறுத்துக்கொண்டால் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். உண்மையான தேவை அப்போதுதான் வெளியே வரும். இந்தப் பேச்சுவார்த்தையே வேலையில் பாதி.

மீதிப் பாதி கணக்கு. ஒரு டேட்டாபேஸுக்கு 12,000 ஐயாப்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும் என்ற அளவு) தேவை, அதில் 70 சதவீதம் படிப்பு, 30 சதவீதம் எழுத்து என்று வைத்துக்கொள்வோம். அதாவது 8,400 படிப்பு, 3,600 எழுத்து. ரெய்டு என்பது, ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை. எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் ரெய்டு 10-இல் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு டிஸ்க் வேலையாகும், மொத்தம் 15,600. ரெய்டு 5-இல் ஒரு சிறிய எழுத்துக்கு நான்கு வேலை: பழைய தரவையும் பாரிட்டியையும் (போன டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவல்) படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். மொத்தம் 22,800. பாரிட்டி இரண்டு இருக்கும் ரெய்டு 6-இல் ஆறு வேலை, மொத்தம் 30,000. கேட்டவர் கேட்டது ஒரே 12,000தான், ஆனால் அடியில் இருக்கும் டிஸ்க்குகள் சுமப்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேறுபடுகிறது. கேஷ் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் வேகமான மெமரி) இந்தச் சுமையை ஓரளவு குறைக்கும். கேஷ் நிரம்பிய பிறகு இந்தக் கணக்குதான் நிற்கும்.

சுமை கூடினாலும் எல்லோரும் ரெய்டு 5 போட்டுக்கொள்ளலாமே, ரெய்டு 10-ஐவிட இடமாவது மிச்சம் என்று தோன்றும். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 20 டிபி டிஸ்க் ஒன்று போய்விட்டது. மாற்று டிஸ்க்கில் நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் 1,00,000 நொடி, அதாவது சுமார் 28 மணி நேரம். வேறு எந்த வேலையும் ஓடாமல் இருந்தால்தான் அதுவும். அவ்வளவு நேரமும் ரெய்டு 5-க்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இரண்டாவது டிஸ்க் போனால் தரவும் போயிற்று. பெரிய டிஸ்க்குகளுக்கு இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6, தரவைக் கூடுதல் மீட்புத் துண்டுகளோடு பிரித்துப் பரப்பி வைக்கும் இரேஷர் கோடிங் என்று போவதற்குக் காரணம் இதுதான். இப்படிக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவரை நேர்காணலில் யாரும் எளிதில் விட மாட்டார்கள்.

இனி, நீங்கள் தினமும் பார்க்கும் அந்த பேக்கப் ரிப்போர்ட்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் அந்த ரிப்போர்ட் மாதக்கணக்காகப் பச்சையாகவே இருந்தது. ஒரு நாள் முக்கியமான சர்வர் படுத்துவிட்டது. பேக்கப் பத்திரமாக இருந்தது, என்கிரிப்ட் செய்யப்பட்டு. அதைத் திறக்கும் கீ, செத்துப்போன அதே சர்வரில் மட்டும் இருந்தது. சக ஊழியர் ஒருவரின் லேப்டாப்பில் கீயின் பழைய நகல் கிடைக்கும்வரை இரண்டு நாள் எல்லோரும் காத்திருந்தோம். அன்றிலிருந்து, ரீஸ்டோர் செய்து பார்க்காத எதையும் நான் பேக்கப் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். ஐந்து வகையான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் நகல்) தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அதைத் தேடிப் படியுங்கள், எந்தப் பாடப் புத்தகத்தையும்விட நிறையக் கற்றுத்தரும்.

கிளவுட் பற்றிய பயம் தேவையில்லை. அமேசானின் கிளவுட் ஸ்டோரேஜ் சேவையான எஸ்3 வந்தது 2006-இல்; அதற்குப் பிறகும் இந்த வேலை போய்விடவில்லை, உருமாறியிருக்கிறது. டிஸ்க் மாற்றும் வேலை குறைந்தது, முடிவெடுக்கும் வேலை கூடியது. ஓர் உதாரணம்: விலை குறைவு என்று பேக்கப்பை முழுக்க எஸ்3-இன் மலிவான, அரிதாக எடுக்கும் தரவுக்கான கிளேசியர் டீப் ஆர்க்கைவில் போட்டுவிடுகிறார்கள். அதிலிருந்து சாதாரண முறையில் திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும். நான்கு மணி நேர ஆர்டிஓ எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வடிவமைப்பு முதல் நாளே தோற்றுவிட்டது. தரவை வெளியே எடுக்கும் கட்டணம், சின்னச் சின்ன ஃபைல்கள் கோடிக்கணக்கில் சேரும்போது கூடும் ரிக்வெஸ்ட் கட்டணம் இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஆள் தேவை.

கையால் பழக உங்கள் கணினியில் சில விர்ச்சுவல் மெஷின்கள் போதும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் பூல் ஒன்றை அமைத்து, வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியால் சுமை ஏற்றி, நடுவே ஒரு டிஸ்க்கைப் பிடுங்குங்கள். லேட்டன்சி (ஒவ்வொரு வேலைக்கும் பதில் வர ஆகும் நேரம்) எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். சராசரியை நம்ப வேண்டாம், 99-ஆவது பர்சன்டைலை (நூறில் 99 வேலைகள் அதற்குள் முடியும் நேரம்) பாருங்கள்; பயனர் திட்டுவது அதற்காகத்தான். மெமரி கேஷைத் தவிர்க்கும் டைரக்ட் மோடில் ஓட்டாவிட்டால் டிஸ்க்கை விட்டுவிட்டு மெமரியை அளந்துகொண்டிருப்பீர்கள், கவனம். அப்புறம் மூன்று நோடில் (மெஷினில்) செஃப் கிளஸ்டர், அதாவது பல மெஷின்களில் தரவைப் பரப்பி வைக்கும் ஸ்டோரேஜ், அமைத்து, ஒரு நோடை நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க்கையும் விடாதீர்கள், “ஸ்டோரேஜ் மெதுவாக இருக்கிறது” என்று வந்த புகார்கள் பல, கடைசியில் சுவிட்சிலோ மல்டிபாத் அமைப்பிலோ (சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையே பல வழிகள் வைப்பது) போய் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சான்றிதழ். எந்த நிறுவனத்தையும் சாராத அடிப்படை வேண்டுமென்றால் ஸ்டோரேஜ் துறையின் பொது அமைப்பான எஸ்என்ஐஏ-வின் தேர்வுகள் இருக்கின்றன. அதோடு உங்கள் அலுவலகத்தில் தொடுகிற பெட்டி எதுவோ அதன் சான்றிதழ் ஒன்று, கிளவுட் ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் ஒன்று. இதற்கு மேல் சேர்ப்பது வீண். வேலை தேடும்போது ‘ஸ்டோரேஜ் ஆர்க்கிடெக்ட்’ என்று மட்டும் தேடாதீர்கள். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆர்க்கிடெக்ட், பிளாட்ஃபார்ம் இன்ஜினியர் என்ற பெயர்களிலும் இதே வேலைதான் ஒளிந்திருக்கும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்களிடம் இருப்பதில் பழைய பேக்கப் ஒன்றை எடுத்து, மேலாளரிடம் சொல்லிவிட்டு, வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்யுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடுக்கியது, எந்தப் பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். ஆர்க்கிடெக்டாக நீங்கள் எழுதும் முதல் ஆவணம் அதுதான்.