மாட்டின் நலனைப் படிக்க ஆசைப்படும் மகளுக்கு எந்த வழி?

தாராபுரம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கமுங்க.

உங்கள் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். கறவை மாடு நல்லபடி வாழ என்ன வேண்டும் என்று ஆராய்ச்சி செய்து, அதை விவசாயிகளுக்குச் சொல்லித்தரும் வேலைக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். "மாட்டு டாக்டர் என்றால்கூடச் சரிங்க. மாடு படுப்பதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு படிப்பா? அது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடுமுங்க. ஆனால் எந்த வழியாகப் போகிறாள் என்பது முக்கியம். அதற்கு முன் அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மனக்குறை அங்கேதான் இருக்கிறது.

ஒரு கறவை மாடு நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் படுத்திருக்க விரும்பும். குளம்புக்கு அப்போதுதான் ஓய்வு. அசை போடுவதும் பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கறவை மாடுகளின் நலனை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அவர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காய்ந்த மரத்தூள் படுக்கை கிடைத்த மாடுகள் நாளுக்கு 13.8 மணி நேரம் படுத்தன. அதே மாடுகளுக்கு ஈரப் படுக்கை மட்டும் கொடுத்தபோது 8.8 மணி நேரம்தான் படுத்தன. ஐந்து மணி நேரம் கூடுதலாகக் காலில் நின்றிருக்கின்றன. இரண்டு படுக்கையையும் வைத்துவிட்டால் காய்ந்ததையே தேடிப் போயின.

இப்போது உங்கள் கட்டுத்தரையைப் பாருங்கள். நம் பக்கம் சுத்தத்தில் யாரும் குறை வைப்பதில்லை. காலையும் மாலையும் கறவைக்கு முன்னால் ஓஸ் பைப் பிடித்து சிமெண்ட் தரையைக் கழுவிவிடுகிறோம். தரையில் வாட்டம் சரியில்லை என்றால் தண்ணீர் பின்னங்கால் பக்கம் தேங்கி நிற்கும். மாடு படுக்கத் தலையைத் தாழ்த்தும், தரையை மோந்து பார்க்கும், ஒரு முன்னங்காலை மடக்கப் போய் மறுபடி நிமிர்ந்து நின்றுகொள்ளும். அதைப் பார்த்தும் நாம் கவனிப்பதில்லை. முட்டி வீக்கம், குளம்பு நோவு, மடிநோய் மூன்றுமே அந்த ஈரத்தில் தொடங்கலாம். அந்த மாடு எத்தனை முறை படுக்க முயன்று படுக்காமல் நின்றது என்று உட்கார்ந்து எண்ணி, எதை மாற்றினால் படுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகள் கேட்கும் படிப்பு.

தண்ணீரும் அப்படித்தான். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தாழியில் தண்ணீர் காட்டுவது நம் வழக்கம். பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். சித்திரை வெயிலில் கலப்பின மாடு வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது, நினைத்த நேரத்தில் குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருப்பது தீவனத்தைப் போலவே முக்கியம். பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நலனை ஆராய்ந்த பிராம்பெல் குழுவின் அறிக்கை 1965-இல் வந்ததிலிருந்து விலங்கு நலன் தனி அறிவியலாக வளர்ந்து வருகிறது. காங்கேயம் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும் கொறங்காட்டில் மாடுகள் கட்டில்லாமல் மேய்கின்றன. கட்டாத மாடு தானாக என்ன செய்யும், எப்போது நிழலுக்குப் போகும், யாரோடு யார் சேர்ந்து மேயும் என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

சரி, வழிக்கு வருகிறேன். என் கருத்தில் பி.வி.எஸ்ஸி. & ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் படிப்பைத் தாண்டி வேறு குறுக்கு வழி தேட வேண்டாம். உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. நமக்குப் பக்கத்தில் நாமக்கல், உடுமலைப்பேட்டை, தலைவாசல் ஆகிய மூன்று ஊர்களில் கல்லூரிகள் உள்ளன. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். மகள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு. எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள்தான் இங்கே வருவார்கள் என்று சொந்தக்காரர் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இங்கேயும் கட்-ஆஃப் உயரத்தில்தான் நிற்கிறது.

ஒரு குழப்பத்தை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன், நிறையப் பெற்றோர் இதில் தடுமாறுகிறார்கள். பி.டெக். பால்வள தொழில்நுட்பம் வேறு படிப்பு. பால் மடியை விட்டு வெளியே வந்த பிறகு நடக்கும் குளிரூட்டல், பதப்படுத்தல், வெண்ணெய், பால்பவுடர் எல்லாம் அதில் வரும். நல்ல படிப்புதான், ஆனால் அங்கே மாடு கிடையாது. உங்கள் மகளுக்கு வேண்டியது மாடு. இளநிலை விலங்கியல் படித்துவிட்டு விலங்கு நடத்தை ஆராய்ச்சிக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அதில் வைத்தியம் பார்க்கும் தகுதி வராது. நொண்டும் மாட்டைக் காட்டி "இதுக்கு என்ன பண்றது?" என்று கேட்கும் விவசாயி முன்னால் பதில் இல்லாமல் நிற்க வேண்டி வரும்.

பட்டம் முடித்த பிறகு முதுநிலையில் இரண்டு கதவுகள் அவளுக்குப் பொருத்தமாக இருக்கும். கால்நடை உற்பத்தி மேலாண்மை ஒன்று. கொட்டகை, படுக்கை, வெப்பத் தாக்கம், கன்று வளர்ப்பு எல்லாம் அதில் அடங்கும். இன்னொன்று கால்நடை விரிவாக்கக் கல்வி. ஆராய்ச்சியை விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே பாடமாகப் படிப்பது. கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்திலும், பரேலிக்குப் பக்கத்தில் இசத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இவற்றைப் படிக்கலாம்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'மாட்டு நலன் ஆராய்ச்சியாளர்' என்று பெயர்ப்பலகை வைத்த பணியிடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அதனால்தான் மருத்துவப் பட்டத்தை முதலில் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது இருந்தால் அரசு கால்நடை உதவி மருத்துவர் பணி, ஆவின் ஒன்றியங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணி, பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு, தீவன நிறுவனங்கள் என்று எல்லாப் பக்கமும் போக முடியும். இதில் எங்கே உட்கார்ந்தாலும் அவள் ஆசைப்படும் வேலையைச் செய்யலாம். கிராமத்து மருந்தகத்தில் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவர் அன்றாடம் பார்க்கும் மாடுகளைக் குறித்து வைத்தால் அதுவே ஆராய்ச்சிக்கு விதை.

அவள் கேட்டதன் இரண்டாவது பாதி, விவசாயிக்குச் சொல்வது. இதைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாமுங்க. எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். சீம்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றைக் குடிக்க விட வேண்டும் என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தி கன்றின் குடலில் முழுமையாக ஏறும். நேரம் போகப்போக அந்த வாசல் மூடிக்கொண்டே வரும், ஒரு நாளில் ஏறக்குறைய அடைந்துவிடும். இதை அந்த வீட்டு அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? "நீங்க செய்யறது தப்பு" என்றால் அடுத்த முறை வாசலிலேயே நிற்க வைப்பார்கள். "கன்னு முட்டிக் குடிச்சாத்தான் கருப்பை சுருங்கும், கொடியும் சீக்கிரம் விழும்" என்று சொன்னால், அவர் கவலைப்பட்ட கொடிக்கும் வழி கிடைக்கிறது, கன்றுக்கும் பால் கிடைக்கிறது. சொன்னது இரண்டும் உண்மை. எதை முதலில் சொல்வது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து நாளில் பல முறை மடியில் பூசும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இப்படிப்பட்ட மரபுவழி வைத்தியங்களைத் தொகுத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். தேசிய பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டது. அது பரவியதற்குக் காரணம், மூன்று பொருளும் வீட்டிலேயே இருக்கின்றன, அளவு மனதில் நிற்கிறது, செய்கிறவர் கையாலேயே செய்யலாம். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ தீவனத்தைத் தொடாவிட்டாலோ உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்று. விவசாயிகளுக்கான கூட்டங்களைப் பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு வைக்கிறார்கள். வருவது ஆண்கள். விடியற்காலையில் எழுந்து சாணி அள்ளி, தட்டுப் போட்டு, கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது வீட்டுப் பெண்கள். மாடு இன்று சரியில்லை என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அவர்களோடு தாழி ஓரத்தில் நின்று பேச உங்கள் மகளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டுத்தரையில் வளர்ந்த பிள்ளை என்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள்.

அம்மணியிடம் ஒரு வேலை சொல்லுங்கள். தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு நோட்டு எடுத்து, காலை கறவைக்குப் பிறகு தொடங்கி இரவு படுக்கப்போகும் வரை மணிக்கு ஒருமுறை எந்த மாடு நிற்கிறது, எது படுத்திருக்கிறது, படுத்த இடம் ஈரமா காய்ந்ததா என்று ஒரு வாரம் எழுதட்டும். அடுத்த வாரம் கழுவிய தரையை நன்றாக வழித்துக் காயவிட்டு, கொஞ்சம் சோளத்தட்டுக் கழிவைப் பரப்பிவிட்டு மறுபடி எழுதட்டும். முடிவை சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும் இரண்டு பேரிடமாவது சொல்லிப் பார்க்கட்டும். மாட்டைப் பார்ப்பதும் பிடித்து, மனிதரிடம் சொல்வதும் பிடித்திருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். மாடு மட்டும் பிடித்து மனிதர் பிடிக்கவில்லை என்றால் உற்பத்தி மேலாண்மைப் பக்கம் போகட்டும். அதிலும் குறைவில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. கறவை மாட்டுப் பயிற்சி நடக்கும் ஒரு நாளில் அப்பாவும் மகளுமாகப் போய் உட்கார்ந்து பாருங்கள். பிளஸ் டூ முடிவுகளையொட்டிப் பல்கலைக்கழக இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். பி.டெக். படிப்புகளுக்குத் தனி விண்ணப்பம், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று மூன்றையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.