நாட்டைக் கேட்காதீர்கள், மாதத்தைக் கேளுங்கள்: இலங்கைச் சுற்றுலா பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் ஓர் உள்வரும் சுற்றுலா முகவர் நிறுவனத்தில் இருபது வருடங்களுக்கு மேல் முற்பதிவும் ஒப்பந்தமும் பார்த்தேன். இப்போது திருகோணமலையில் இருந்துகொண்டு சின்ன விடுதிக்காரர்களுக்கு விலைப்பட்டியல் போடவும் முகவர்களோடு பேசவும் உதவுகிறேன். பல நாட்டு விருந்தினர்களை எப்படி வரவழைப்பது என்று கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள் இவை. எனக்குத் தெரிந்த இடத்தில் நீளமாகச் சொல்லியிருக்கிறேன்.

நிலாவெளி, எட்டு அறை விடுதி: அக்கா, எங்களுக்கு மே முதல் ஓகஸ்ட் வரைதான் ஆள். எல்லாரும் ஐரோப்பியர். செப்டம்பர் முடிந்தால் கேட்டைப் பூட்டுகிறோம். வேறு நாட்டுக்காரரைப் பிடித்தால் வருடம் முழுக்க ஓட்டலாமா?

வருடம் முழுக்க முடியாது. வடகீழ்ப் பருவமழை நவம்பரில் இறங்கினால் ஜனவரி வரை உங்கள் கடலில் யாரும் கால் வைக்க முடியாது. எந்த நாட்டுச் சந்தையும் மழையை நிறுத்தாது. அந்த மாதங்களில் பூச்சுவேலை, கூரைவேலை பாருங்கள்.

ஆனால் சீசனின் இரண்டு ஓரங்களையும் நீட்டலாம். ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதத்திலும் எந்த ஊரில் பள்ளிக்கூடம் பூட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஏப்ரல், மே கோடை விடுமுறை. அப்போது உங்கள் கடல் கண்ணாடி போல இருக்கும், ஏப்ரலில் ஐரோப்பியர் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். வளைகுடா நாடுகளில் யூலை, ஓகஸ்டில் பள்ளி இல்லை, வெயிலும் தாங்காது. அவுஸ்திரேலியாவுக்கு யூன் கடைசி முதல் யூலை வரை குளிர்கால விடுமுறை. இத்தாலி, ஸ்பெயின்காரருக்கு ஓகஸ்ட்தான் எல்லாம். சீனாவில் ஒக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அதை ஒட்டி இந்தியாவில் பூசை விடுமுறை. இவற்றில் உங்கள் அறைகள் வெறுமையாக இருப்பது ஏப்ரலும் செப்டம்பர் கடைசியும்தான். அந்த இரண்டு கட்டத்துக்கு மட்டும் ஆள் தேடுங்கள். ஓகஸ்டுக்கு இன்னொரு நாட்டைத் தேடினால் இருக்கிற எட்டு அறைக்கு இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு இரண்டு பருவமழை இருப்பதைக் குறையாகவே பேசுகிறோம். தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும்போது கிழக்கு அமைதியாக இருக்கிறது. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலம் முடிய இங்கே தொடங்குகிறது. யூலை முதல் செப்டம்பர் வரை மின்னேரியாவில் யானைகள் கூடுகின்றன, கண்டியில் பெரஹரா ஊர்வலம் வருகிறது. இவ்வளவு சின்னத் தீவில் இரண்டு சீசன் என்பது பெரிய வரம். பல நாட்டுச் சந்தை வேண்டும் என்பதற்கு முதல் காரணமே இதுதான். ஒரே நாட்டின் விடுமுறை இரண்டு சீசனையும் நிரப்பாது.

கொழும்பு, பல்கலைக்கழக மாணவி: இந்தியாவில் 140 கோடிப் பேர். பக்கத்து வீடு. அதில் ஒரு சிறு பங்கு வந்தாலே போதாதா? எதற்குப் பத்து நாட்டுக்கு விளம்பரச் செலவு?

நல்ல கேள்வி தங்கச்சி. 2024இல் வந்த 20.5 லட்சம் பேரில் ஏறத்தாழ 4.17 லட்சம் பேர் இந்தியர், அதாவது ஐந்தில் ஒருவர். இரண்டாவதாக வந்த ரஷ்யர் 2 லட்சம். இந்தியாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேறெந்தப் பெரிய சந்தையும் ஒன்றரை மணி நேர விமானத் தூரத்தில் இல்லை.

ஆனால் 2022 தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2020 டிசம்பர் கடைசியில், பரீட்சார்த்தமாகத் தெற்கே மத்தள விமான நிலையத்துக்கு முதலில் அழைத்து வந்தது உக்ரைன்காரரை. மெல்ல மெல்லக் கூட்டம் ஏறி, 2022 ஜனவரியில் ரஷ்யா முதலிடம், இந்தியா இரண்டாமிடம், உக்ரைன் மூன்றாமிடம். எங்கள் அலுவலகத்திலும் 'சந்தை பரவிவிட்டது' என்று மகிழ்ந்தோம். பெப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது. முதலாவதும் மூன்றாவதும் ஒரே நாளில் ஆடிப்போயின. நாடு திரும்ப விமானம் இல்லாமல் விடுதிகளில் அழுதுகொண்டிருந்த இரு நாட்டு விருந்தினர்களையும் நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் சந்தையை எண்ணும் விதமே மாறிவிட்டது. ஒரே காரணத்தால் ஒரே நாளில் நின்றுபோகக்கூடிய இரண்டு நாடுகளை ஒரே சந்தையாகத்தான் எண்ணுவேன். ஒரே விமான நிலையம் வழியாக மாறி வரும் நாடுகளும் அப்படித்தான். வளைகுடாவில் வான்வெளி மூடினால் அந்த வழியாக வரும் ஜெர்மனியரும் பிரித்தானியரும் சேர்ந்தே தடைப்படுவார்கள். கொடி எத்தனை என்று பார்க்காமல் வழி எத்தனை என்று பாருங்கள்.

எல்ல, ஹோம்ஸ்டே: எந்த நாட்டுக்காரர் அதிகம் செலவழிப்பார்?

நாட்டை வைத்துச் சொல்ல முடியாது. முதுகுப்பையோடு வரும் ஜெர்மன் பையனும் கொழும்பில் கல்யாணம் வைக்க வரும் மும்பைக் குடும்பமும் ஒரே விமானத்தில் இறங்கலாம். எத்தனை இரவு தங்குகிறார், யாருக்குப் பணம் கொடுக்கிறார் என்று பாருங்கள்.

நாடு மொத்தத்துக்கும் ஒரு கணக்கு. 2018இல் 23.3 லட்சம் பேர் வந்து கிட்டத்தட்ட 438 கோடி டொலர் வருமானம். 2024இல் 20.5 லட்சம் பேர், சுமார் 317 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 1,880 டொலராக இருந்தது 1,540 ஆகியிருக்கிறது. தலையை எண்ணிக் கொண்டாடும்போது இதையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

பெயர் ஊர் இல்லாமல்: என் நண்பரின் விசாவை ஆறு மாதம் நீடிக்க என்ன செய்ய வேண்டும்?

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தைக் கேளுங்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது. பழைய தகவலைச் சொல்லி அவரைச் சிக்கலில் விட எனக்கு விருப்பமில்லை.

பாசிக்குடா, பன்னிரண்டு அறை: ஒரு முகவர் வந்து சீசன் முழுக்கப் பன்னிரண்டு அறையையும் தாங்களே எடுப்பதாகச் சொல்கிறார். எல்லாரும் ஒரே நாட்டிலிருந்து சார்ட்டர் விமானத்தில், அதாவது முழுதாக வாடகைக்கு எடுத்த விமானத்தில், வருவார்களாம். விலை கொஞ்சம் குறைவு, ஆனால் தலைவலி இல்லை. கையெழுத்து வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஐந்து அறைக்கு மேல் கொடுக்காதீர்கள். இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் தெற்கில் ஒரு விடுதியின் எல்லா அறைகளையும் ஒரே வெளிநாட்டு முகவருக்கு அலொட்மென்ட் (முன்கூட்டிய ஒதுக்கீடு) கொடுக்க நானே பேசி முடித்தேன். சீசன் நடுவில் அவர்களுடைய சார்ட்டர் நின்றது. விற்காத அறையை எத்தனை நாளுக்கு முன் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும் ரிலீஸ் தேதியை நான் ஏழு நாள் என்று விட்டிருந்தேன். ஏழு நாளில் யாரைக் கொண்டுவந்து நிரப்புவது? அந்த விடுதிக்காரர் சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பினார். அது என் தவறு, இன்றும் மனதில் இருக்கிறது.

ஆகவே ரிலீஸ் 21 நாளாவது எழுதுங்கள். முன்பணம் கையில் வாங்குங்கள். மீதி ஏழு அறையில் நான்கை இணையத்தில் போடுங்கள், மூன்றை நேரில் வருபவருக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் வையுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு வெளிநாட்டு விமானங்கள் வெறுமையாக வந்த நாட்களில், சலுகை விலைக்கு அறை எடுத்து விடுதிகளில் விளக்கு எரியவைத்தது உள்ளூர்க் குடும்பங்கள்தான். சந்தைப் பட்டியலில் அவர்களையும் எழுதுங்கள்.

யாழ்ப்பாணம், விருந்தினர் இல்லம்: நீங்கள் பேசுவதெல்லாம் தெற்கும் கிழக்கும். எங்களுக்கு வருவது கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ். பட்டியலில் பார்த்தால் நான்கு நாடு. உண்மையில் எல்லாம் எங்கள் ஆட்கள். அவர்களைச் சுற்றுலாப் பயணி என்று கணக்கில் சேர்ப்பது சரியா?

கணக்கில் சேர்ந்துதான் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து ஓர் இரவு தங்கினால் சுற்றுலாப் பயணிதான். எந்த நோக்கத்தில் வருகிறார் என்ற கேள்வியில் உறவினரைப் பார்க்க வருவோருக்குத் தனிப் பிரிவே உண்டு. அவர்களை நான் நல்ல சந்தையாக மதிக்கிறேன்.

அதே யாழ்ப்பாணம்: சந்தையா? ஊரைவிட்டு ஓடிப்போய், முப்பது வருடம் கழித்து அம்மாவின் வீட்டைப் பார்க்க வருபவரைச் சந்தை என்பீர்களா? மனம் நோகிறது.

வவுனியா: ஐயா சொல்வது சரி. அவர்கள் ஹோட்டலில் தங்குவதும் இல்லை. பெரியம்மா வீட்டில் பாய் போட்டுப் படுக்கிறார்கள்.

ரொறன்ரோ: நான் அப்படி வருபவள். போன வருடம் பிள்ளைகளோடு வந்தேன். பெரியம்மா வீட்டில் இரண்டு இரவு, பிறகு பிள்ளைகளுக்குக் குளிரூட்டி வேண்டுமென்று விடுதி. வான் பத்து நாள். நெடுந்தீவு, திருக்கோணேஸ்வரம், சீகிரியா. அங்கே நான் சுற்றுலாப் பயணிதான், எனக்கு அதில் வெட்கம் இல்லை.

மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஐயா, அந்தச் சொல் நோகவைத்திருந்தால் மன்னியுங்கள். வீட்டைத் தேடி வருபவரின் வருகைக்கு விலை போட நான் வரவில்லை. ஆனால் ரொறன்ரோத் தங்கை எழுதியதைப் பாருங்கள். வீடு பார்ப்பது இரண்டு நாள், மீதி நாட்களில் அவரும் நாட்டைச் சுற்றுகிறார். அவருடைய பிள்ளைகளுக்கு இது அம்மாவின் ஊர். தங்கள் ஊர் ஆகுமா என்பது அவர்கள் இங்கே எப்படி இருந்துவிட்டுப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. சுத்தமான குளியலறையும் நியாயமான வான் கட்டணமும் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களாகவே திரும்பி வருவார்கள். அதைத்தான் நான் மதிக்கிறேன் என்றேன்.

இன்னொன்று. 2022இல் டீசல் வரிசையும் மின்வெட்டும் இருந்தபோது பல நாடுகள் தம் மக்களுக்குப் பயண எச்சரிக்கை விட்டன. அப்போதும் பெட்டி நிறைய மருந்தோடு வந்து இறங்கியவர்கள் இவர்கள். விளம்பரம் பார்த்து வருபவர் பயந்தால் வேறு தீவுக்குப் போவார். இவர்களுக்கு வேறு தீவு இல்லை.

வவுனியா: அப்படியென்றால் ஓகஸ்டில் எல்லா அறையையும் அவர்களுக்கே கொடுக்கலாமா?

இல்லை. பாசிக்குடாக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எந்த அன்பான சந்தைக்கும் எல்லா அறையையும் கொடுக்காதீர்கள்.

ஹிக்கடுவ: மேடம், சீனரா ரஷ்யரா, யார் அதிகம் செலவழிப்பார்?

எல்லக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அறுகம்பை: ஒரே நாட்டு இளைஞர்கள் கூட்டமாக வந்து, அவர்களே கடை போட்டு, அவர்களுக்குள்ளேயே விற்கிறார்கள். இதையும் வளர்ச்சி என்று சொல்வதா?

சொல்லமாட்டேன். அலைச்சறுக்குக்காக வருபவர் எந்த நாட்டவரானாலும் வரட்டும். ஆனால் அனுமதியின்றி விடுதியும் வானும் நடத்தினால் ஊருக்கு மிஞ்சுவது குப்பை மட்டுமே. 2024இல் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்த விருந்தும் நம் மக்களின் எதிர்ப்பால்தான் நின்றது. ஒரு கடற்கரை ஒரே நாட்டவரின் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது எச்சரிக்கை. இன்னொரு நாட்டவரும் வந்தால்தான் உங்கள் மெனு உங்கள் மெனுவாக இருக்கும்.

கண்டி, சுற்றுலா வழிகாட்டி: வேறு தீவு நாடு ஏதாவது இதைச் செய்து காட்டியிருக்கிறதா?

இரண்டு சொல்கிறேன். சைப்ரஸுக்கு 2019இல் வந்த ஏறத்தாழ 39.8 லட்சம் பேரில் 7.8 லட்சம் பேர் ரஷ்யர். 2022இல் ஐரோப்பிய வான்வெளி ரஷ்ய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஐந்தில் ஒரு பங்கு அப்படியே போனது. 2023இல் மொத்த வருகை 38.5 லட்சம். போலந்து, இஸ்ரேல், ஜெர்மனி என்று குறுகிய தூர விமானங்களைக் கூட்டித்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள்.

மாலைதீவுக்குக் கொரோனா வரை பல வருடம் சீனாதான் முதலிடம். சீனா கதவை மூடியபோது இந்தியரும் ரஷ்யரும் வந்தார்கள். 2024 தொடக்கத்தில் இந்தியாவோடு மனக்கசப்பு வந்து, 2 லட்சத்துக்கு மேல் இருந்த இந்தியர் 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். ஆனால் அந்த வருடம் மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டியது, ஏனென்றால் சீனர் திரும்பியிருந்தார்கள். வெவ்வேறு காரணங்களுக்காக வரும் வெவ்வேறு நாடுகள் இருந்ததால் தாங்கிக்கொண்டார்கள்.

ஹட்டன்: அக்கா, நான் தேயிலைத் தோட்டத்துப் பையன். வழிகாட்டியாக விருப்பம். எந்த மொழி படித்தால் வேலை கிடைக்கும்?

தம்பி, ஜெர்மன், ரஷ்யன், சீனம் பேசும் வழிகாட்டிகள் எப்போதும் பற்றாக்குறை. ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகப் படியுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் இல்லாமல் தொழில் செய்யாதீர்கள்.

ஆனால் உங்களிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. உங்கள் மலைகளில் 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை 22 பகுதிகளாகப் போகிறது. அதில் நடப்பவர்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். கொழுந்து எப்படி நிறுக்கப்படுகிறது, உங்கள் ஆச்சி எந்த வழியாக மலையேறி வந்தார் என்று சொல்லக்கூடியவர் நீங்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து சீதையம்மன் கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு உங்கள் தமிழே போதும். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் சேர்ந்தால் ஏப்ரலில் ஒரு கூட்டம், ஜனவரியில் ஒரு கூட்டம் என்று உங்களுக்கும் கட்டம் நிரம்பும்.

நீர்கொழும்பு: எந்த நாட்டு ஆட்கள் நன்றாகச் செலவழிப்பார்கள் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

தரமாட்டேன். இது மூன்றாவது தடவை. உங்கள் விடுதியின் கடந்த இரண்டு வருடப் பதிவுப் புத்தகத்தை எடுத்து எந்த மாதம் எத்தனை அறை வெறுமை என்று எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

யாழ்ப்பாணம் (முன்பு கேட்டவர்): ரொறன்ரோத் தங்கை எழுதியதை வாசித்தேன். சரி. எனக்கு ஆறு அறை. நல்லூர்த் திருவிழா தவிர மற்ற மாதம் என்ன செய்வது?

ஜனவரி முதல் மார்ச் வரை மன்னாரில் வலசைப் பறவைகள், பூநாரைகள். பறவை பார்க்க வரும் பிரித்தானியர் அதிகாலை ஐந்துக்கு எழுவார்கள், அமைதியான ஆட்கள். ஒரு நல்ல வழிகாட்டியைப் பிடித்து வையுங்கள், காலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுங்கள். ஏப்ரல், மே தமிழ்நாட்டுக் குடும்பங்கள். சென்னை, திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. கப்பல் நாள் மாறும், ஆகவே அந்த முற்பதிவுகளுக்குத் தேதி மாற்ற இடம் கொடுங்கள். யூலை முதல் செப்டம்பர் வரை வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகள். ஆறில் நான்கை அவர்களுக்குக் கொடுங்கள், இரண்டை வையுங்கள். நவம்பரில் கூரையைப் பாருங்கள்.