பக்கத்து வீட்டு வேலி நம்ம இடத்துக்குள்ள இருந்தா (கலிஃபோர்னியா)

ப்ரோ, ஃப்ரீமான்ட்ல வாங்குன வீட்டுக்கு சர்வே எடுத்தா பக்கத்து வீட்டு வேலி நாலு அடி உங்க இடத்துக்குள்ள இருக்கு, அவரு '12 வருஷமா இருக்கு, இது என்னோடது'ங்கிறாரு, டல்லஸ் ஃப்ரெண்டு வேற '10 வருஷம் தாண்டிடுச்சு, போச்சு'ன்னு கிளப்பி விட்டுட்டாரு, அதானே?

அடுத்தவங்க இடத்த வருஷக்கணக்கா அனுபவிச்சவங்க அது தனக்கே சொந்தம்னு கேக்கலாம்னு ஒரு சட்டம் இருக்கு, ஆனா அந்த 10 வருஷ கணக்கு டல்லஸ் இருக்குற டெக்சஸோடது, அங்க வரி கட்டியிருக்கணும்னுகூட அவசியமில்ல. கலிஃபோர்னியால 5 வருஷமே போதும், கேக்க பயமாத்தான் இருக்கும், ஆனா அந்த 5 வருஷமும் அந்த இடத்துக்கான ப்ராப்பர்ட்டி டாக்ஸ அவரு கட்டியிருக்கணும். பில் பொதுவா பார்சல் நம்பர் (ஒவ்வொரு மனைக்கும் இருக்குற பதிவு எண்) வச்சு வர்றதால அந்த நாலு அடிக்கு வரி கட்டுனது உங்க வீட்டு பழைய ஓனராத்தான் இருக்கும், வேலி கேஸ் நிறைய இங்கயே படுத்துடும். ஒரே சிக்கல், எல்லை எதுன்னு தெரியாம பழைய ஓனருங்க 'வேலியே எல்லை'ன்னு ஒத்துக்கிட்டதா அவரு நிரூபிச்சா கதை மாறும், அதனால உங்களுக்கு வித்தவர்கிட்ட இத பத்தி ஈமெயில்லயே கேளுங்க.

கோவத்துல வேலிய மட்டும் பிடுங்கிடாதீங்க ப்ளீஸ். டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டு உரிமைல வர்ற சிக்கலுக்கான காப்பீடு) பாலிசிய எடுத்து படிங்க, எல்லைத் தகராறு சிலதுல கவர் ஆகும், சிலதுல ஆகாது. பேசியும் முடியலன்னா உங்க கவுண்டி சுப்பீரியர் கோர்ட்ல க்வயட் டைட்டில் கேஸ்தான், அதாவது இடம் யாரோடதுன்னு கோர்ட்டயே முடிவு பண்ண சொல்ற கேஸ், போட்ட உடனே கவுண்டியோட பத்திரப் பதிவு ஆபீஸான ரெக்கார்டர் ஆபீஸ்ல லிஸ் பெண்டென்ஸ் (இந்த இடத்து மேல கேஸ் இருக்குங்கிற நோட்டீஸ்) பதியணும். அவரு கோர்ட்டுக்கே வரலன்னாலும் ஜட்ஜ் ஆதாரத்த பாக்காம தீர்ப்பு தரமாட்டாரு, சர்வே ரிப்போர்ட்ட பத்திரமா வைங்க. வக்கீல் செலவு எகிறும்தான், ஆனா ஃப்ரீமான்ட் விலைக்கு நாலு அடிய சும்மா விடவும் மனசு வராது :)