வார்டு கமிட்டி, மினிட் புத்தகம், பத்து ரூபாய் ஸ்டாம்ப்: சில கேள்விகள்

கேள்வி: எங்கள் தெருக்காரர் ஒருவர் வார்டு கமிட்டி உறுப்பினர் என்று போர்டு வைத்திருக்கிறார். நாங்கள் யாரும் ஓட்டுப் போடவில்லையே?

அது ஓட்டுப் போட்டு வரும் பதவி இல்லை. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த விதிகளின்படி வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரை மாநகராட்சி அல்லது நகராட்சி மன்றம் நியமிக்கிறது. அவர்கள் சேர்ந்ததுதான் வார்டு கமிட்டி, தலைவர் உங்கள் கவுன்சிலர். நியமனம் என்றால் யார் சொன்ன பெயர் உள்ளே வரும் என்று உங்களுக்கே தெரியும். 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்று அரசியல் சட்டம் 1993-லிருந்தே சொல்கிறது, ஆனால் அதில் யார் உட்காருவது என்பதை மாநிலங்கள் கையில் விட்டுவிட்டது. வினை அங்கேதான்.

கேள்வி: பகுதி சபையில், அதாவது எங்கள் பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டத்தில், மழைநீர் வடிகால் பற்றிப் பேசினேன். எழுதிக்கொண்டார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

எழுதிக்கொண்டது எதில் என்று பார்த்தீர்களா? நானும் எங்கள் பகுதியில் இரண்டு கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தேன், அதிகாரி தலையாட்டினார், அவ்வளவுதான். மூன்றாவது முறை மனுவாக எழுதி இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன், பிறகுதான் ஃபைல் என்று ஒன்று பிறந்தது. பகுதி சபையோ வார்டு கமிட்டியோ கேட்கலாம், பரிந்துரைக்கலாம். பணம் ஒதுக்குவது மன்றம். அதனால் உங்கள் கோரிக்கை மினிட் புத்தகத்தில், அதாவது கூட்ட நடவடிக்கைப் பதிவில், ஏறவில்லை என்றால் மேலே போக அதற்குக் கால் கிடையாது.

கேள்வி: கமிட்டி கூட்ட மினிட்ஸ் கேட்டால் "அதெல்லாம் உள் விவகாரம்" என்கிறார்கள்.

தவறு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி)-யைப் படித்துப் பாருங்கள். ஓர் அலுவலகம் என்னென்ன குழுக்கள் வைத்திருக்கிறது, அவற்றின் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாமா, மினிட்ஸைப் பார்க்கலாமா என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவில்லையா, சரி, மனு போடுங்கள்: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு. "ஏன் வடிகால் கட்டவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தை அல்ல. "இன்ன தேதிக் கூட்டத்தின் பொருள் நிரல், வருகைப் பதிவு, தீர்மான நகல்" என்று கேளுங்கள். முடிந்தால் கோப்பை நேரில் பார்க்க அனுமதியும் கேளுங்கள், அந்த உரிமையும் உண்டு. நேரில் புரட்டும்போது கிடைப்பது நகலில் கிடைக்காது என்பது என் அனுபவம். 30 நாளில் பதில் வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: எதற்கு வேண்டும் என்று காரணம் எழுத வேண்டுமா?

வேண்டாம். பிரிவு 6(2).

கேள்வி: நாங்கள் கிராமம். தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது, கிராம சபை நடக்குமா?

நடக்க வேண்டும். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பிரதிநிதிகள் காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் நிர்வாகத்தைப் பார்க்கத் தனி அலுவலர்கள் வந்தார்கள், ஆனால் கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள நீங்கள் எல்லோரும்தான், அதற்குப் பதவிக்காலம் ஏது? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து தீர்மான நோட்டு வீட்டுக்கு வந்து, கோரம் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை) காட்டக் கையெழுத்து கேட்டால், தீர்மானம் எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கம் என்றால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.