வெப்ப பம்ப் இடையிடையே நின்று, வெளியே புகை எழுவது குறித்து

வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் உங்கள் வெப்ப பம்ப், 20 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, வெளி யூனிட்டிலிருந்து புகை எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது புகையன்று, நீராவி. வெளி யூனிட்டின் சுருளில் படிந்த உறைபனியை உருக்குவதற்காக, இயந்திரம் தன் ஓட்டத்தைத் திருப்பி, வீட்டுக்குள் வர வேண்டிய வெப்பத்தைச் சில நிமிடங்கள் வெளியே செலுத்துகிறது.

ஆனால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதுதான் உறுத்துகிறது. பனி குவிந்தோ சருகு ஒட்டியோ காற்றோட்டம் தடைபட்டிருக்கலாம். அவற்றை அகற்றிவிட்டு, அடுத்த முறை நீராவி அடங்கியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் தகடுகள் ஈரமாக மின்னினால் நல்லது. கீழோரத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை எஞ்சினால், அடித்தட்டின் வடிகால் துளை உறைந்து அடைத்திருக்கக்கூடும்.

பனியைக் கத்தியால் சுரண்டிவிடாதீர்கள். குழாய் துளைபட்டால், அதனுள் ஓடி வெப்பத்தைக் கடத்தும் குளிர்பொருள் வெளியேறிவிடும். வடிகால் துளை திறந்திருந்தும் பனி எஞ்சினால், உணரியையும் (சென்சார்) குளிர்பொருளின் அளவையும் தொழில்நுட்பரே சோதிக்க வேண்டும்.