தோட்டக் கேள்வி பதில்: இட்லிப்பூவின் தளிர் ஏன் வெளிறுகிறது?

கேள்வி: சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு மாதங்களுக்கு முன் ஆறு இட்லிப்பூச் செடிகளை நட்டோம். காலையும் மாலையும் ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறோம். டி.ஏ.பி. உரமும் இருமுறை வைத்தோம். ஆனாலும் தளிர்கள் மஞ்சளாகவே வருகின்றன. இன்னும் என்ன உரம் வைக்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: உரம் எதுவும் வேண்டாம், வைத்ததையும் நிறுத்திவிடுங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவையோ நீர்த்தேக்கத்தையோ சந்தேகிக்கலாம். தளிர் வெளிறி, அதன் நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது வேருக்கு எட்டாத வடிவில் கிடக்கிறது என்பதே பொருள். சுவர் எழுப்பியபோது சிந்திய சிமெண்டுக் காரை அஸ்திவாரத்தின் ஓரமாகவே புதைந்திருக்கும். ஆழ்குழாய் நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்ததாக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, அளவுக்கு மீறிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்பை வேர் உறிஞ்சுவதைத் தடுக்கும், டி.ஏ.பி.யில் மிகுந்திருப்பது அந்த மணிச்சத்துதான். சற்றே அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் தானாகச் செழிக்கும் இட்லிப்பூச் செடி, காரை மண்ணை மட்டும் பொறுப்பதில்லை.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளித்து, பத்து அல்லது பதினைந்து நாள் இடைவெளியில் தளிர் பச்சையாகும் வரை தொடருங்கள். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை படியும்; நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நிலையான தீர்வு வேண்டுமெனில், செடிகளைத் தாய்மண் (வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண்) உடையாமல் பெயர்த்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்த குழியில், முன்பு புதைந்திருந்த அதே ஆழத்தில் நடுங்கள். வாங்கிவந்த நாற்றுப் பையின் வடிவிலேயே வேர்கள் சுருண்டிருந்தால் விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். பிரிக்காவிட்டால் அவை அந்த வட்டத்தை விட்டு வெளியே வரத் தயங்கும்.

நட்ட முதல் சில வாரங்களில் வேர் முழுவதும் தாய்மண்ணுக்குள்தான் இருக்கிறது. சுற்றுமண் ஈரமாயிருக்க, தாய்மண் மட்டும் காய்ந்துபோவதும் உண்டு. ஆகவே கணக்குக்கு இருவேளை ஊற்றாமல், தண்டின் அருகே விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஆழ நனையும்படி ஊற்றுங்கள். சருகு மூடாக்கு நல்லது. அது தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியிருக்கட்டும்.

கேள்வி: ஆடியில் நட்ட குண்டுமல்லி இப்போதே மொட்டு விடுகிறது. கார்த்திகையில் கவாத்து செய்யலாமா?
— வாசகர், மதுரை

பதில்: முதல் மொட்டுகளை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள், செடியின் வலு வேருக்குப் போகட்டும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டும் முழுக் கவாத்து, வேரூன்றிய செடிக்கே உரியது. இவ்வாண்டு நுனிக்கிளைகளை மட்டும் கிள்ளினால் போதும். புதுக்கிளையில்தான் மல்லிகை பூக்கும் என்பதால் பக்கக்கிளைகள் பெருகுவது ஆதாயமே.

கேள்வி: புதிய செம்பருத்தியில் மாவுப்பூச்சி. மருந்தடித்தும் திரும்ப வருகிறது.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: தண்டில் எறும்புச்சாரி இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. நுனிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து வாரம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள். சுவரிலோ பக்கத்துச் செடியிலோ உரசும் கிளைகளை வெட்டிவிடுங்கள். எறும்புக்கு அவைதான் பாலம்.