சக்கர நாற்காலியை வீட்டில் நாமே உடலுக்கு ஏற்பச் சரிசெய்யலாமா?

தாயாருக்காக வெளிநாட்டிலிருந்து வந்த சக்கர நாற்காலியில் பின்சக்கரத்தை மாட்டுவதற்குப் பல துளைகள் இருக்கின்றன, அவற்றை வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கால்மிதியைத் தாராளமாக மாற்றுங்கள். பின்சக்கரத்தை மட்டும், இந்த வேலையில் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். அப்பாவின் பின்தலையில் ஐந்து தையல் போட்ட பிறகுதான் இந்த வேறுபாடு எனக்கு விளங்கியது.

நான் வைத்தியரும் அல்ல, இயன்மருத்துவரும் அல்ல. கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "தெரியாதவர் ஏன் பதில் எழுத வேண்டும்" என்று கேட்க ஒருவர் வருவார் என்பதும் தெரியும். ஆறு ஆண்டுகளாக ஒரே நாற்காலியின் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிப் பூட்டிய அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீரிழிவினால் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது, ஒரு நற்பணிக் குழு விழா வைத்து எங்களுக்கு ஒரு நாற்காலியைத் தந்தது. இருக்கையின் அகலம் பதினெட்டு அங்குலம். அப்பாவின் இடுப்பு பதினைந்து அங்குலம். இருபுறமும் இடைவெளி இருந்ததால் அவர் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்தே இருந்தார். சக்கரத்தைப் பிடிக்கக் கைகளை அகல விரிக்க வேண்டியிருந்ததில் ஒரே மாதத்தில் தோள்மூட்டு நோவத் தொடங்கியது. அன்று மேடையில் நாற்காலி பெற்ற அனைவருக்கும் அதே பதினெட்டு அங்குலம்தான். படம் எடுக்க மூன்று பேர் வந்திருந்தார்கள், அளவுநாடாவோடு ஒருவரும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், நாற்காலி வழங்குவது என்பது ஆளை மதிப்பிடுவது, பொருத்திப் பார்ப்பது, பயிற்சி கொடுப்பது எல்லாம் சேர்ந்த எட்டுப் படிகள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பொருள் மட்டும். இலவசமாகப் பெற்றதைக் குறை சொல்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். தோள் நொந்தது அப்பாவுக்கு.

பிறகு ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, பதினாறு அங்குல நாற்காலி ஒன்றை அனுப்பினான். உங்களுடையதைப் போலவே அதன் சட்டத்திலும் பின்சக்கரத்துக்குப் பல துளைகள் இருந்தன. சக்கரத்தை முன்னால் நகர்த்தினால் தள்ளுவது இலகு, திரும்புவதும் இலகு என்று இணையத்தில் பார்த்து, நானே இரண்டு துளை முன்னால் மாற்றினேன். பார்த்தது பிழையில்லை. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் எங்கள் வீட்டின் ஒடுங்கிய நடைவழியில் அப்பா ஒருவர் உதவியும் இல்லாமல் திரும்பி, கடல் தெரியும் பலகணி வரை போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெட்டியில் கூடவே வந்த, பின்னால் சாயாமல் தாங்கும் இரண்டு சிறு சில்லுக் கம்பிகளை, வாசற்படியில் தட்டுகின்றன என்று கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு வலது காலையும் தொடையளவில் எடுக்க வேண்டி வந்தது. வைத்தியசாலையிலிருந்து திரும்பிய மறுநாள், கட்டட வாசலின் சாய்தளத்தில், "விடு பிள்ளை, நான் ஏறுவன்" என்று சொல்லி அப்பா சக்கரத்தை ஒரு முறை உந்தினார். முன்சில்லுகள் மேலெழுந்தன. நான் இரண்டடி பின்னால் கைப்பையோடு நின்றிருந்தேன், நாற்காலி மல்லாந்தது.

காரணத்தை இயன்மருத்துவர் ஒருவர் சில நிமிடங்களில் விளக்கினார். இருக்கும் ஆளின் கால்கள் நாற்காலியின் முன்பக்கத்துக்கு எடை கொடுக்கின்றன. அவை இல்லாமற்போனால் உடலின் எடைமையம் பின்னால் நகர்ந்து பின்அச்சுக்கு மேலேயே வந்துவிடும். ஆகையால் இரு கால்களும் இழந்தவருக்குப் பின்சக்கரத்தைப் பின்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். நாற்காலி அதே நாற்காலிதான், துளையும் அதே துளைதான். மாறியது அப்பாவின் உடல், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சாய்தளத்துக்கும் இதில் பங்குண்டு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பதினான்கு அங்குல உயரத்துக்கு எங்கள் கட்டடத்தில் விட்டிருந்தது ஆறடி, வேண்டியதோ பதினான்கடி. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன.

சக்கரத்தைப் பின்னால் மாற்றியதோடு முடிந்தது என்று நினைத்ததில் இரண்டாவது தடவையும் தவறினேன். எங்கள் நாற்காலியில் பிறேக் பின்சக்கரத்துக்கு முன்னால், சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் பின்னால் போனதும் பிறேக் கட்டைக்கும் ரயருக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. பிடியை இழுத்தால் பூட்டியதுபோல் சத்தம் மட்டும் கேட்கும். அப்பா கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி வழுக்கியது; நல்லவேளை, அன்று நான் பிடித்திருந்தேன். ஆகவே சக்கரத்தை நகர்த்தினால் அப்போதே பிறேக்கையும் நகர்த்திப் பூட்டுங்கள். ரயரில் காற்று இறங்கினாலும் பிறேக் பிடிக்காது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ரயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அச்சை மேலே அல்லது கீழே மாற்றியிருந்தால், முன்சில்லின் தண்டு நிலத்துக்கு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இனி உங்கள் தாயாருக்கு. எல்லா அளவையும் மெத்தையைப் போட்டு, அவரை இருத்திய பிறகே பாருங்கள். அவரை ஒரு கதிரையில் இருத்தி, இடுப்பின் இருபுறமும் தடித்த அட்டைப் புத்தகம் ஒவ்வொன்றை நிமிர்த்தி வைத்து, இரண்டுக்கும் நடுவே அளந்தால் இடுப்பகலம் கிடைக்கும். இருக்கை அதை ஒட்டியே இருக்க வேண்டும். இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கால்மிதியை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் முழங்கால் மேலெழுந்து எடை முழுவதும் இருக்கை எலும்பில் இறங்கும், புண் வருவது அப்படித்தான். அளவுக்கு மிஞ்சித் தாழ்த்தினால் கால் தொங்கும். தொடை முழுவதும் மெத்தையில் படிய வேண்டும், கால்மிதிக்கும் நிலத்துக்கும் குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் இருக்க வேண்டும்.

பின்சக்கரத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால், ஒரு தடவைக்கு ஒரு துளை, இரு பக்கமும் ஒரே துளை. பிறகு சமதளத்தில், அந்தப் பழகியவர் கைப்பிடிகளுக்குக் கீழே கை வைத்துத் தயாராக நிற்க, தாயாரைப் பின்னால் சாயவும் பலமாக உந்தவும் சொல்லுங்கள். முன்சில்லு எழுந்தால் பழைய துளைக்கே போங்கள். அந்தத் துளை எதுவென்று பிறகு தெரியாது, ஆகையால் கழற்றுவதற்கு முன்பே நகப்பூச்சினால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். எங்கள் சட்டத்தில் இப்போது சிவப்பில் மூன்று பொட்டுகள் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் கிடந்த கம்பிகளும் பூட்டப்பட்டுவிட்டன, வாசற்படியில் தட்டிக்கொண்டுதான் போகின்றன.